ஹைபர்ஃபில்.சிஸ் 6.4 ஜிபி: தூக்கிவிடலாமா?

மலைக்கோட்டை:
லேப்டாப்பில் 128 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம். சி டிரைவில் மீதம் 4 ஜிபிதான். இடம் போதாமல் விண்டோஸ் அப்டேட் பாதியில் நிற்கிறது. மறைந்திருக்கும் சிஸ்டம் ஃபைல்களைக் காட்டச் செய்தால் ஹைபர்ஃபில்.சிஸ் மட்டும் 6.4 ஜிபி. டெலீட் கொடுத்தால் அழிய மறுக்கிறது. என்ன செய்யலாம்?

ராத்திரிப்பூனை:
தாராளமாகத் தூக்குங்கள் சார். கையால் அழிக்க முடியாது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்' அடியுங்கள், ஃபைல் தானாகப் போய்விடும். அது ஹைபர்னேட்டுக்கான ஃபைல்; ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு மெஷின் முழுதாக அணைவதுதான் ஹைபர்னேட். ஸ்லீப் இருக்கும்போது அது எதற்கு? எஸ்எஸ்டியில் ஒவ்வொரு தடவையும் பல ஜிபி எழுதித் தேய்ப்பதுதான் மிச்சம்.

நெல்லை நிரலன்:
லேப்டாப்புக்கு இந்த யோசனை ஆகாது. ஸ்லீப்பில் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலை அத்தனையும் போச்சு. அதற்காகத்தான், பேட்டரி அடிமட்டத்துக்கு வந்ததும் தானாக ஹைபர்னேட்டுக்குப் போகும்படி விண்டோஸ் வைத்திருக்கிறது. நீங்கள் சொல்லும் கட்டளை அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே எடுத்துவிடும்.

புது லேப்டாப்கள் பலவற்றில் பழைய எஸ்3 ஸ்லீப்பே கிடையாது, எஸ்0 எனப்படும் மாடர்ன் ஸ்டாண்ட்பைதான். மூடியை மூடினாலும் உள்ளே ஏதாவது ஓடும். பைக்குள் வைத்த லேப்டாப் சூடாக வெளியே வருவது அதனால்தான். 'பவர்சிஎஃப்ஜி /ஏ' அடித்தால் உங்கள் மெஷினில் எது இருக்கிறது என்று தெரியும்.

தேய்மானத்துக்குக் கணக்கே போடலாம். 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டிபி வரை எழுத உத்தரவாதம் தருகிறார்கள். ஒரு தடவைக்கு 5 ஜிபி, நாளைக்கு மூன்று தடவை என்றாலும் 20,000 நாள் வரும். 128 ஜிபிக்கு அதில் கால் பங்கு என்று வைத்தாலும் 13 வருஷம்.

ராத்திரிப்பூனை:
சரி, தேய்மானத்தை விடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்? அடுத்த தடவை சீக்கிரம் தொடங்க, ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை இதே ஃபைலில் எழுதிவைத்துவிட்டுத்தான் அணைகிறது. 'அணைத்துப் போட்டும் சரியாகவில்லை, ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது' என்று எத்தனை பேர் வருகிறார்கள்! லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம். அந்தப் பக்கம் போனால் விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுதவே விடாது. வலுக்கட்டாயமாக எழுதினால் டேட்டாவுக்கே ஆபத்து. ஒரே கட்டளையில் எல்லாம் தீர்கிறதே.

நெல்லை நிரலன்:
அந்தத் தொல்லை உண்மைதான். ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்குத் தனி டிக் பெட்டி இருக்கிறது. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் பக்கம் போய் அதை மட்டும் எடுங்கள். ஹைபர்னேட்டை பவர் மெனுவில் காட்டும் பெட்டியும் அங்கேயே இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் அதைக் காட்டாமலே தருகிறார்கள், அதனால்தான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

கணினிக்கொல்லன்:
எப்போதும் சுவரில் மாட்டியிருக்கும் டெஸ்க்டாப் என்றால் நான் பூனை பக்கம். அங்கே வேகமான தொடக்கம் மட்டும் வேண்டுமென்றால் 'பவர்சிஎஃப்ஜி /எச் /டைப் ரெட்யூஸ்ட்' போதும்; ரேமில் 40 சதவீதமாக இருக்கும் ஃபைல் 20 சதவீதமாகிவிடும், முழு ஹைபர்னேட் கிடைக்காது. பக்கத்திலேயே, ரேம் போதாதபோது கைகொடுக்கும் பேஜ்ஃபைல்.சிஸ் கண்ணில் படும், அதை அணைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ரேம் நிறையும்போது புரோகிராம்கள் மூடிக்கொள்ளும்.

மலைக்கோட்டை, சமீபத்தில் விண்டோஸ் வெர்ஷன் மாற்றினீர்களா? சி டிரைவில் பழைய விண்டோஸை வைத்திருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள்.

மலைக்கோட்டை:
போன வாரம்தான் 11-க்கு மாறினேன். விண்டோஸ்.ஓல்டு 19 ஜிபி இருக்கிறது! '/ஏ' அடித்துப் பார்த்தேன், எஸ்3 இல்லை, எஸ்0 மட்டும்தான்.

நெல்லை நிரலன்:
அப்படியென்றால் ஹைபர்னேட் உங்களுக்குக் கட்டாயம். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், தற்காலிக ஃபைல்கள் பகுதியில் பழைய விண்டோஸை டிக் செய்து அழியுங்கள். அப்புறம் 10-க்குத் திரும்ப முடியாது, யோசித்துச் செய்யுங்கள்.

ராத்திரிப்பூனை:
19 ஜிபி கிடைத்தால் அவருக்கு 6.4 தேவைப்படாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லினக்ஸும் சேர்த்து வைத்திருக்கிற என் லேப்டாப்பில் '/எச் ஆஃப்'தான். மூடுவதற்கு முன் வேலையைச் சேமித்துவிடுகிறேன்.