ஹார்மோன் ஏற்பி 'பாசிட்டிவ்': மனதைவிட்டு அகலாத ஒரு சம்பவம்

தஞ்சை மகள்:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் ஈ.ஆர். 8/8; அதாவது, கட்டியை வளரத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிக்கு முழு மதிப்பெண். அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரையை டாக்டர் எழுதிய அன்று அம்மா கேட்டார்: "மாதவிலக்கு நின்று 12 வருடம் ஆகிறது. இன்னும் எங்கிருந்து டாக்டர் ஹார்மோன் வருகிறது?" டாக்டர் அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவரைப் போல அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பிறகு நானே படித்தேன். அட்ரினல் சுரப்பி தரும் ஆண்ட்ரோஜனைக் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மாத்திரை அந்த நொதியை முடக்குகிறது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதாதா?

கோவை வாசகி:
டாக்டரைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று பார்த்தீர்களா?

எனக்கு 41 வயது, அதே நோய்க்கு டமாக்சிஃபென் மாத்திரை 20 மி.கி. உடம்பு திடீர் திடீரென்று கொதித்ததால் நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

இதை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டமாக்சிஃபென் மார்பகச் செல்லின் ஏற்பியில் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து, 'பெருகு' என்ற கட்டளையைத் தடுக்கிறது. ஆனால் கருப்பையின் உள்சவ்வில் அதுவே ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும். அதனால், முக்கியமாக மாதவிலக்கு நின்றவர்கள், துளி இரத்தம் பட்டாலும் காட்டிவிடுங்கள். மனச்சோர்வுக்கோ உடல் கொதிப்புக்கோ மாத்திரை எழுதினால், டமாக்சிஃபென் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். பராக்ஸெட்டின், ஃபுளுவாக்ஸெட்டின் இரண்டும் அதை வீரியமுள்ள எண்டாக்ஸிஃபெனாக மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுப்பவை. வேறு மாத்திரைகள் இருக்கின்றன. தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆய்வகப் பணியாளர்:
ரிப்போர்ட் வந்த பிறகு நடப்பதையே இருவரும் பேசுகிறீர்கள். அந்த ரிப்போர்ட் எப்படி உருவாகிறது என்பதை நான் சொல்ல வேண்டும்.

ஒரு கட்டி, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடப்படாமல் உப்புநீரில் இரவு முழுவதும் கிடந்து எங்களிடம் வந்தது. ஏற்பி இருந்தால் பழுப்பாகக் காட்டும் சாயத்தை ஏற்றினோம். புற்றுச் செல்களின் உட்கருவில் பழுப்பே இல்லை: ஈ.ஆர். 0. கையெழுத்துக்கு அனுப்பும் முன் கண்ணாடித் தகட்டை இன்னொரு முறை நகர்த்தினேன். பக்கத்திலிருந்த இயல்பான பால்நாளங்களும் வெளுத்துக் கிடந்தன. நல்ல நாளத்தில் சில செல்களாவது பழுப்பாக வேண்டும். அதுவே வெளுத்திருந்தால் அந்தப் பூஜ்யத்தை நம்ப முடியாது. ஏற்பிப் புரதம் சிதைந்திருக்கலாம். எங்கள் டாக்டரிடம் காட்டினேன். அறுவைக்கு முன் ஊசியால் எடுத்த திசுவின் மெழுகுக்கட்டி பத்திரமாக இருந்தது. அதில் சோதித்தபோது திரை முழுவதும் பழுப்பு.

அது இல்லாமல் போயிருந்தால், ஐந்து வருட மாத்திரைக்குத் தகுதியுள்ள ஒரு பெண்ணுக்கு அது கிடைத்தே இருக்காது. அறுவைக்கு முன்பே கேளுங்கள்: கட்டியை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போடுவார்களா?

தஞ்சை மகள்:
கோவை வாசகி, கூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தவரும் என் அம்மாதான். காரணம் தெரியாமல் மாத்திரையைத் தொடர்வது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும்.

நொதி விஷயத்தை வீட்டில் விளக்கியபோது அம்மா சொன்னது: "கிணறு தூர்ந்தும் ஊற்று வேறு பக்கம் கசிகிறது என்று சொல்." அன்றிலிருந்து ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிட்டதில்லை.