லாகோ அர்ஹென்டினோ: டிசம்பரில் இரண்டு நாள், எதை விடலாம்?

கேள்வி – வழிப்போக்கன்
டிசம்பர் நடுவில் அர்ஜென்டினாவின் தெற்கே, லாகோ அர்ஹென்டினோ ஏரிக்கரையில் உள்ள எல் கலாஃபதே ஊரில் இரண்டு முழு நாள் இருப்போம். கூட வரும் அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. பெரிட்டோ மொரேனோ பனியாறு, உப்சாலா பனியாற்றுக்குப் போகும் படகு, பனி மேல் நடை மூன்றும் முடியுமா? பனி அணை உடைவதைப் பார்க்க எந்த மாதம் சரி?

பதில் – தென்திசை
அணையை நம்பித் திட்டம் போடாதீங்க, அதுக்கு நாள் கிழமை கிடையாது. பனியாறு முன்னேறி எதிரே உள்ள மகல்யானெஸ் தீபகற்பத்தில் முட்டும்போது, பனியே அணையாகி, ஏரியின் தென்கிளையான பிராசோ ரீகோ துண்டாகிவிடும். அங்கே சேரும் நீர் போக வழியில்லாமல் பல மீட்டர் ஏறும். அந்த அழுத்தத்தில் பனிக்கு அடியில் சுரங்கம் குடைந்து, அது வளைவாகி, கடைசியில் இடிந்து விழும். 1988-க்குப் பிறகு அடுத்த உடைப்பு 2004-ல்தான். 2016-லும் 2018-லும் மார்ச்சில் நடந்தது. 2018-ல் வளைவு விழுந்தது ராத்திரியில், காத்திருந்த கூட்டத்துக்கு ஏமாற்றம்தான். இப்போது பனியாறு மெலிந்து பின்வாங்குகிறது. பிராசோ ரீகோ கரைப் பாறையில் செடி முளைக்காத வெளிறிய பட்டை தெரியும், பழைய நீர்மட்டம் அதுதான்.

முகப்பிலிருந்து துண்டு விழுவது வேறு விஷயம், அது தினமும் உண்டு. முகப்பு 5 கி.மீ. அகலம், நீருக்கு மேல் சுமார் 60 மீட்டர் உயரம். சத்தம் கேட்டுத் திரும்பினால் பாதி முடிந்திருக்கும். விரிசல் விட்ட ஒரு தூணைப் பார்த்து அதையே கவனிச்சுக்கிட்டு நில்லுங்க.

பதில் – ஆறாம் கியர்
மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டாம். ஊரிலிருந்து பனியாறு தெரியாது. மேற்கே 80 கி.மீ. போகணும். அங்கே ஒரு முழு நாள் கொடுங்க. நடைமேடைகளில் படிக்கட்டு நிறைய, ஆனால் ஒரு பகுதிக்கு லிஃப்ட் உண்டு. அப்பாவை மேல்தளத்தோடு நிறுத்தினாலே முகப்பு முழுசாகத் தெரியும்.

பனி நடைக்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், முழங்கால் வலியோடு அது வேண்டவே வேண்டாம். நீங்க மட்டும் போனால் கையுறை எடுத்துக்கோங்க. பனியின் விளிம்பு கையைக் கிழிக்கும்.

படகு புவெர்டோ பண்டேராவிலிருந்து கிளம்பும். அதை முதல் நாளே வையுங்க. அங்கே டிசம்பர் கோடைக்காலம், இந்தப் பாடகோனியப் பகுதியில் கோடையில்தான் காற்று மோசம். காற்று மீறினால் படகு ரத்து, மறுநாள் கையில் இருக்கணும். உப்சாலா முன்னால் மிதக்கும் பனிப்பாளங்கள் அடைத்துக்கொள்வதால் படகு தூரத்திலேயே நின்றுவிடும். கிட்டப் பார்க்க ஸ்பெகாஸினி என்ற இன்னொரு பனியாறுதான்.

பதில் – கல்லும் நீரும்
தண்ணீர் பால் கலந்த நீலமாக இருப்பது அழுக்கு இல்லை. பனியாறு அரைத்த பாறைமாவு அடியில் தங்காமல் மிதக்கிறது. சாயங்காலம் சும்மா இருந்தால் ஊர் ஓரத்து நிமெஸ் குளத்தில் பூநாரை பார்க்கலாம். டிசம்பரில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.