ஏவி போட்ட பிறகு திரையில் வந்த கோடுகள்: உங்கள் அனுபவம் என்ன?

சேலத்துக்காரன்

ஃபேமிகாமுக்கு (நின்டெண்டோவின் பழைய ஜப்பான் கேம் பெட்டி) ஏவி, அதாவது மஞ்சள் வயரில் படம் எடுக்கும் வழி, போட்டு எட்டு மாதம் ஆகிறது. படம் வருகிறது, விளையாடுகிறேன். ஆனாலும் அந்த நீல வானம் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் இந்த இழை.

சிவப்பும் வெள்ளையுமான பழைய பெட்டி, நண்பன் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. ஆர்.எஃப். (டிவியின் ஆன்டெனா வழியாகச் சேனலாக வரும் படம்) மட்டும்தான். அது ஜப்பானின் 1, 2ஆம் சேனலில் வரும். அந்த அலைவரிசை 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, நம் ஊரில் எஃப்.எம். ரேடியோ ஓடும் இடம். நம் டிவி அங்கே தேடவே தேடாது. ஆக மஞ்சள் வயர் எடுத்தே தீர வேண்டும். ஒரு ட்ரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், எல்லோரும் போடும் அதே சர்க்யூட்.

படம் முதல் தடவையிலேயே வந்தது. மாரியோ போட்டேன். வானம் முழுக்க ஜன்னல் கம்பி வைத்த மாதிரி நின்ற கோடுகள்! மங்கலாகத்தான் இருந்தன, ஆனால் ஒரு முறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் அதைத்தான் தேடுகிறது. கறுப்புத் திரையில் தெரியவில்லை. ஒரே நிறம் பரந்து கிடக்கும் இடத்தில் மட்டும் தெரிந்தது. உட்கார்ந்து எண்ணினேன், முப்பதை ஒட்டி வந்தது. படத்தின் அகலம் 256 புள்ளி. வீடியோ சிப் எட்டு எட்டுப் புள்ளியாகத்தான் நினைவகத்திலிருந்து படத்தை எடுக்கிறது. 256-ஐ எட்டால் வகுத்தால் 32. அப்போதுதான் இது டிவியின் வேலை இல்லை, சிப் படிக்கும் சத்தம் வீடியோவில் கேட்கிறது என்று புரிந்தது.

எனக்கு மறக்காத நொடி இதுதான். மூடியைக் கழற்றி வைத்து, ஓடும்போதே வீடியோ வயரை விரலால் மெல்ல நகர்த்தினேன். சிப்பை விட்டு விலக விலகக் கோடு மெலிந்தது. விரலை எடுத்ததும் வயர் பழைய இடத்துக்குத் திரும்பியது, கோடும் திரும்பியது.

கடைசியில் சிப்பின் 21ஆம் காலை (பின்னை) போர்டிலிருந்து தூக்கினேன். வீடியோ வெளியே வரும் கால் அது. போர்டில் ஓடும் தடத்தை விட்டுவிட்டு, காலிலிருந்தே நேராக எடுத்தேன். கால் ஒடிந்தால் அந்தச் சிப்புக்கு நான் எங்கே போவேன்? கை நடுங்கியது. முக்கால்வாசிக் கோடு போய்விட்டது. மிச்சம் இன்னும் இருக்கிறது என்று நான் சொல்கிறேன், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்கு முழுதாகப் போனதா?

ரொறன்ரோ

எனக்கு என்64 (நின்டெண்டோ 64) இல் நடந்தது. கோடு இல்லை, வானமே பிழைத்து, அதாவது கெட்டு, போனது.

டிஜிட்டலாக எடுத்து ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில்) ஆக்கும் சின்ன போர்டு ஒன்று போட்டேன். ரிவியில் படம் நிமிர்ந்து நின்றது, எழுத்தெல்லாம் கத்தி மாதிரி. பிறகுதான் வானத்தைக் கவனித்தேன். கீழே இருந்து மேலே மெல்ல மெல்ல வெளிக்க வேண்டிய நீலம், பாதி ஏறித் திடீரென்று இருண்டு விழுந்து, மறுபடி முதலில் இருந்து ஏறியது. ஆட்களின் முகத்திலும் வளையம் வளையமாக, மலை வரைபடத்தில் உயரக்கோடு போடுவார்களே, அதேமாதிரி.

மூன்று நிறமும் ஒரே இடத்தில் பிழைத்தது. அதுதான் துப்பு. என்64 இல் சிவப்புக்கு ஏழு, பச்சைக்கு ஏழு, நீலத்துக்கு ஏழு என்று 21 கம்பி ஓடவில்லை. மொத்தமே ஏழு கம்பி. நேரத்தைப் பங்குபோட்டு, ஒரு துடிப்பில் ஒத்திசைவு (வரியும் படமும் எங்கே தொடங்குகிறது என்று ரிவிக்குச் சொல்லும் சமிக்ஞை), அடுத்த மூன்றில் சிவப்பு, பச்சை, நீலம் என்று அதே ஏழில் மாறி மாறிப் போகும். ஆக ஒரு கால் ஒட்டாமல் இருந்தால் மூன்று நிறமும் சேர்ந்து கெடும். சிவப்பு மட்டும் கெட்டால் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வெளியே போகும் பக்கத்தைப் பாருங்கள்.

நான் மேசையில் குனிந்து, மரக் குச்சியால் ஒவ்வொரு காலாக அழுத்தினேன். மகள் ரிவிக்கு முன்னால் நின்றவள். ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றும் இல்லை. அடுத்ததில் அவள் கத்தினாள்: "அப்பா, வானம் வந்திட்டுது!" குச்சியை எடுத்தேன். "போட்டுது." திரும்ப அழுத்தினேன். "வந்திட்டுது!"

அந்தக் கால்தான் எல்லாவற்றிலும் பளபளப்பாக, அழகாக ஈயம் பிடித்த மாதிரித் தெரிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தும் நான் கடந்துபோன கால். ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி ஒரு தரம் சூடு காட்டினேன், முடிந்தது. ஆனால் அதற்கு முன் இரண்டு கிழமை அந்தப் போர்டை அனுப்பியவரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அது இன்னும் உறுத்துது.

ஈயக்குச்சி

சேலத்து நண்பரே, காலைத் தூக்கியதில் எனக்கு உடன்பாடு இல்லை. 40 வருடப் பழைய சிப், உலோகம் களைத்துப்போயிருக்கும். முதலில் மின்சாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

என் கதை சின்னது. சூப்பர் ஃபேமிகாமுக்கு ஆர்ஜிபி வயர் நானே கட்டினேன். படம் முழுக்கச் சதுரங்கப் பலகை மாதிரி நுண்ணிய கட்டம். ஒத்திசைவுக்கு முழு வீடியோவையே கொடுத்திருந்தேன், கவசமில்லாத வயரில் அது பக்கத்து நிறக் கம்பிகளுக்குள் கசிந்தது. வயரை மாற்றினேன், போய்விட்டது.

அதிலிருந்து நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். இதைப் படிக்கிற புதியவர்கள் தயவுசெய்து காலில் கை வைக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

முதலில் அடாப்டர். ஃபேமிகாமுக்கு 10 வோல்ட், நடுவில் மைனஸ். கையில் கிடைத்ததைச் செருகாதீர்கள். உள்ளே 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) இருக்கிறது, அதன் முன்னும் பின்னும் உள்ள எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள், அவை காய்ந்திருக்கும். 7805 சூடாகிறது என்று பயந்து மலிவான ஸ்விட்சிங் ரெகுலேட்டர் போடுகிறார்கள், அதுவே புதிதாகச் சாய்ந்த கோடு கொண்டுவரும். அடுத்தது, சிப்பின் 40ஆம் காலுக்கும் 20ஆம் காலுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, முடிந்தவரை காலுக்கு அருகில். பிறகு வெளியே போகும் வழியில் 75 ஓம். அதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் "படம் வெளுத்துப்போகிறது" என்கிறார்கள். டிவி தன் பக்கம் 75 ஓம் வைத்திருக்கிறது, நம் பக்கமும் அதே இருந்தால்தான் 1 வோல்ட் அளவில் போய்ச் சேரும். கடைசியில் கெப்பாசிட்டர்: 220 மைக்ரோவுக்குக் குறைத்துப் போடாதீர்கள். 10 மைக்ரோ போட்டாலும் படம் வரும், ஆனால் திரையின் மேலும் கீழும் வெளிச்சம் ஒன்றாக இருக்காது, வெள்ளைத் திரை வந்தால் படம் ஆடும். கவச வயரின் கவசத்தை ட்ரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் கிரவுண்டில் சேருங்கள், தூரத்தில் ஜாக் பக்கம் மட்டும் சேர்த்தால் பயனில்லை.

இதெல்லாம் முடித்தும் கோடு இருந்தால் அப்போது காலைப் பற்றிப் பேசலாம்.

குரோம்பேட்டை

நம் ஊர் டிவி கேம் பற்றி யாரும் சொல்லவில்லையே. தொண்ணூறுகளில் நாம் ஆடியது பெரும்பாலும் இதுதான், கறுப்பு மெழுகுச் சொட்டுக்குள் எல்லாம் அடங்கிய போர்டு. என்னிடம் இருப்பது கொஞ்சம் முந்தையது, தனித்தனிச் சிப்.

ஆர்.எஃப். டப்பாவைப் பிடுங்கும்போது பக்கத்தில் இருந்த, பெட்டிக்குத் துடிப்புக் கொடுக்கும் கிரிஸ்டலின் கால் ஒடிந்துவிட்டது. இறந்துபோன ஒரு ஜப்பான் போர்டு வைத்திருந்தேன், அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். ஃபேமிகாம்தானே, எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

படம் சாய்ந்து, கிழிந்து, ஓடியது. வீடியோ எடுத்த இடம் தப்பு என்று முடிவு செய்து ட்ரான்சிஸ்டரை மூன்று முறை மாற்றினேன். ஒரு மாலை முழுக்க அதிலேயே போனது. வெறுத்துப்போய் அணைக்கப் போகும்போதுதான் காதில் விழுந்தது. பாட்டு. பேட்டரி தீர்ந்த வாக்மேன் மாதிரி இழுத்து இழுத்து, அடித்தொண்டையில் பாடியது. கை ஸ்விட்சிலேயே நின்றுவிட்டது. வீடியோ வயரில் கோளாறு என்றால் பாட்டு ஏன் இழுக்க வேண்டும்?

பழைய கிரிஸ்டலைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 26.601712 மெகாஹெர்ட்ஸ். நான் போட்டது 21.477. நம் ஊர் பெட்டி பால் (PAL, நம் ஊர் டிவி முறை) முறைக்காகச் செய்தது. அந்த 26.6-ஐ ஐந்தால் வகுத்துப் புள்ளி, பதினைந்தால் வகுத்து சிபியு, ஆறால் வகுத்தால் பாலின் நிற அலை 4.43. 21.477 போட்டதும் எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு மெதுவாகிவிட்டது. நொடிக்கு 15,600 வரி எதிர்பார்க்கும் டிவிக்கு 12,600 போனால் அது எதைப் பிடிக்கும்? சென்னை ரிச்சி தெருவில் அலைந்து சரியான கிரிஸ்டல் வாங்கிப் போட்டேன். சாய்ந்த படம் நிமிர்ந்ததைவிட, அந்தப் பாட்டு சரியான சுருதியில் வந்ததுதான் என்னை உட்கார வைத்தது. அது சின்ன வயதில் கேட்ட அதே பாட்டு.

மஞ்சள்வயர்

ஈயக்குச்சி அண்ணா, நீங்கள் சொன்ன வரிசையில் முதல் படியே விட்டுப்போயிருக்கிறது. டிவி.

நான் உங்களைப் போலவே அடாப்டரில் தொடங்கினேன். எனக்கு வந்தது வேறு கோளாறு: அடி வாங்கியதும் ஆள் மினுக்க வேண்டும் அல்லவா, அவன் மினுக்கவில்லை, காணாமலே போனான். இரண்டு நொடி திரையில் ஆளே இல்லை. சில நேரம் சீப்புப் பல் மாதிரி அரைகுறையாகத் தெரிந்தான். கெப்பாசிட்டர் மாற்றினேன், ரெகுலேட்டர் மாற்றினேன், மூன்று இரவு. நான்காம் இரவு ஈயம் உறிஞ்சும்போது போர்டில் ஒரு செப்புத் தடமே பெயர்ந்து வந்துவிட்டது. அது இன்னும் என் கண்ணில் இருக்கிறது, சால்டரிங் அயர்னின் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்த அந்தச் சின்ன வட்டம்.

வயர் இழுத்துச் சரிக்கட்டி, எதிர்வீட்டுப் பாட்டியின் டப்பா டிவியில் போட்டோம். ஆள் அழகாக மினுக்கினான். முதலிலிருந்தே பெட்டியில் ஒன்றும் இல்லை.

இந்தப் பழைய பெட்டிகள் ஒவ்வொரு முறையும் அதே 240 வரியைத்தான் அனுப்புகின்றன, ஜப்பான் பெட்டி என்றால் நொடிக்கு 60 தடவை. பல தட்டை டிவிகள் அதை 480i (ஒற்றை வரியும் இரட்டை வரியும் மாறி மாறி வரும் முறை) என்று நினைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னுகின்றன. மினுக்கும் ஆள் ஒன்றுவிட்ட ஒரு படத்தில்தான் இருக்கிறான். டிவி சேர்க்கும் விதத்தைப் பொறுத்து அவன் பாதியாவான், அல்லது போய்விடுவான். இதற்குச் சர்க்யூட்டில் மருந்து இல்லை.

ரொறன்ரோ

தம்பி சொல்வது சரி. அதற்காக எல்லாவற்றையும் ரிவியின் தலையில் போடவும் ஏலாது. என்ர வானம் எந்த ரிவியிலும் பிழைத்துத்தான் இருந்தது.

சேலத்துக்காரன்

ஈயக்குச்சி அண்ணா, கெப்பாசிட்டர், 75 ஓம், 220 மைக்ரோ எல்லாம் காலைத் தூக்கும் முன்பே செய்தவைதான், எழுத விட்டுப்போனது. கோட்டில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை. வயரை நகர்த்தினால் மாறுகிறது என்றால் அது மின்சாரத்தில் இல்லை, பக்கத்துத் தடங்களிலிருந்து ஏறுகிறது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். 0.1 மட்டும் செய்யவில்லை.

மஞ்சள்வயர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று பெட்டியை மாமா வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவரிடம் இன்னும் டப்பா டிவி இருக்கிறது, நல்லவேளை என்டிஎஸ்சி (ஜப்பான் டிவி முறை) எடுக்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் மாரியோவைப் போட்டு, வானத்தைக் காட்டி, "மாமா, இதில் ஏதாவது தெரிகிறதா?" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் விரலை வைத்து இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நான் பார்த்த அதே இடங்கள்.

0.1 கெப்பாசிட்டரைக் காலையில் வைத்துவிட்டேன். இன்று இரவு போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.