சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஐபிஎல் பந்தயம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஐபிஎல் தொடங்கினால் போதும், புதிதாக வந்த பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணா, இங்கே கிரிக்கெட்டுக்குக் காசு கட்டலாம்தானே? கேசினோவே இருக்கிற ஊராச்சே?"

கேசினோ இருப்பது உண்மை. மரினா பேயில் ஒன்று, செந்தோசாவில் ஒன்று. டோட்டோ, ஃபோர்-டி லாட்டரி வாங்க வரிசை நிற்பதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் அதை வைத்து இங்கே எல்லாம் நடக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த ஊர்ச் சட்டத்தின் கணக்கு வேறு. சூதாட்டம் பொதுவாகத் தடை. அரசு உரிமமோ விலக்கோ கொடுத்தது மட்டும்தான் ஓடலாம். 2022 ஆகஸ்ட் 1 முதல் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆன்லைனுக்கு அதற்கு முன்பே 2014-இல் தனிச் சட்டம் போட்டிருந்தார்கள், அதையும் இதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆன்லைனில் விளையாட்டுப் பந்தயம் எடுக்க இங்கே உரிமம் உள்ள இடம் ஒன்றே ஒன்று, சிங்கப்பூர் பூல்ஸ். 1968-இல் தொடங்கியது, அரசின் டோட் போர்டுக்குச் சொந்தமானது. 21 வயது ஆகியிருந்து செல்லுபடியாகும் பாஸ் (இங்கே தங்க, வேலை செய்யக் கொடுக்கும் அனுமதி) இருந்தால் வெளிநாட்டவரும் அங்கே கணக்குத் திறக்கலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று வரம்பு வைத்த பிறகுதான் ஆட முடியும். அங்கே முக்கியமாகக் கால்பந்தும் ஃபார்முலா ஒன்னும்தான். ஐபிஎல்-க்குப் பந்தயம் எடுக்கிறேன் என்று உங்களிடம் வரும் ஆப், டெலிகிராம் சேனல், தங்கும் விடுதிக்கே வந்து காசு வாங்கும் ஆள், இவர்களில் எவரிடமும் இந்த ஊர் உரிமம் கிடையாது.

"மாட்டினால் ஏஜென்டுதானே மாட்டுவான், நமக்கென்ன?" என்று நினைத்தால், அது இங்கே செல்லாது. உரிமம் இல்லாதவரிடம் பந்தயம் கட்டியவருக்கே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஏஜென்டுக்கு 5 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வெள்ளி வரை அபராதம். நடத்துபவருக்கு 7 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வெள்ளி வரை அபராதம். ஒர்க் பெர்மிட்டிலோ எஸ் பாஸிலோ இருப்பவருக்கு அபராதத்தைவிடப் பெரிய அடி வேறு இருக்கிறது. தண்டனை விழுந்தால் பாஸ் ரத்தாகலாம், மறுபடி வேலைக்கு வர முடியாமலும் போகலாம். ஊரில் வாங்கிய கடன் அடையும் முன்னே விமானம் ஏற வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விபிஎன் போட்டால் தப்பு இல்லை என்று சொல்லும் மேதாவிகள் எல்லா விடுதியிலும் ஒருவராவது இருப்பார்கள். விபிஎன் தடுக்கப்பட்ட தளத்தைத் திறந்துகொடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் உட்கார்ந்திருப்பது சிங்கப்பூரில், குற்றமும் சிங்கப்பூரில். தளத்தின் அடியில் "குராசாவ் உரிமம்" என்று எங்கோ கரீபியன் தீவின் பெயரைப் போட்டிருப்பதும் இங்கே செல்லாது.

ஊர் சிம், ஊர் ஆப், ரூபாயில் ஆட்டம் என்றாலும் கதை மாறாது. அங்கேயே கதவைச் சாத்திவிட்டார்கள். காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. கற்பனை கிரிக்கெட் அணி அமைத்து ஆடும் ட்ரீம்11 ஆப் தன் கட்டணப் போட்டிகளை நிறுத்தியது அதனால்தான். தமிழ்நாட்டுக்கு 2022-லேயே தனிச் சட்டம் உண்டு, அதில் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறை இருக்கிறது. "இது அதிர்ஷ்டம் இல்லை, திறமை" என்று ஊரில் நீதிமன்றம் வரை போன வாதத்தையும் இங்கே தூக்கிக்கொண்டு வராதீர்கள். அதிர்ஷ்டமும் திறமையும் கலந்திருந்தாலும் சூதாட்டம்தான் என்று சிங்கப்பூர்ச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது.

அடுத்ததில்தான் நல்ல பிள்ளைகளும் சிக்குகிறார்கள்: வாட்ஸ்அப் குழு. ஆளுக்குப் பத்து வெள்ளி, சரியாகச் சொன்னவருக்கு மொத்தக் காசு. இதில் என்ன தப்பு என்று தோன்றும். வீட்டில் குடும்பத்தாரும் பழகிய நண்பர்களும் சேர்ந்து, யாரும் கமிஷன் எடுக்காமல், தொழிலாகவும் நடத்தாமல் காசு வைத்து ஆடினால் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. தீபாவளிக்குச் சீட்டுக்கட்டு எடுக்கிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த விலக்கு நேரில் ஆடுவதற்குத்தான். ஆன்லைனுக்குக் கிடையாது. ஆன்லைனில் யார் யாருக்கு உண்மையிலேயே பழக்கம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதுதான் அரசு சொன்ன காரணம். ஆகவே குழுவில் காசு சேர்க்கும் "அட்மின்" வேலையை அன்பாகத் தட்டிக்கழித்துவிடுங்கள். காசில்லாமல் யார் ஜெயிப்பார் என்று விடிய விடியச் சண்டை போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

இதையெல்லாம்விட மோசமானது பேங்க் கணக்கு விவகாரம். பந்தயம் எடுக்கும் இந்த ஆட்கள் காசு வாங்குவது பெரும்பாலும் பேநவ் வழியாக, அதாவது போன் எண்ணை வைத்து உடனே பணம் அனுப்பும் முறையில். அனுப்பும்போது நிறுவனப் பெயர் வராது, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வரும், அடுத்த முறை வேறொரு பெயர். அந்தப் பெயர்களில் சில, உங்களைப் போலவே வேலைக்கு வந்தவர்களுடையவை. "கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்ற பேச்சில் ஏடிஎம் அட்டையையோ சிங்பாஸையோ (அரசின் டிஜிட்டல் அடையாளக் கணக்கு) தூக்கிக் கொடுத்தவர்கள். சூதாட்டப் பணமோ மோசடிப் பணமோ, போலீஸ் பிடிப்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். "எனக்குத் தெரியாது" என்று நழுவ முடியாதபடி 2023-இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். சிங்பாஸை இன்னொருவரின் குற்றத்துக்குக் கொடுப்பதே தனிக் குற்றம். அதோடு, நீங்கள் பந்தயம் கட்டிய காசு அப்படி ஒரு கணக்குக்குப் போயிருந்தால், அந்தக் கணக்கு சிக்கும் நாளில் உங்கள் பெயரும் பட்டியலில் இருக்கும்.

நண்பர்களுக்கு லிங்க் அனுப்பி போனஸ் வாங்குவதும் வேண்டாம். அது ஏஜென்ட் வேலைக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விடும்.

இன்னொன்று. ஏஜென்ட் முதலில் காசு கேட்க மாட்டார். "வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கலாம்" என்று கடனுக்கே எழுதிக்கொள்வார். தோற்ற பிறகு அந்தக் கடனை அடைக்க ஆ லோங்கிடம் போகிறவர்கள் உண்டு. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் அந்தக் கூட்டம் விடுதிக்கும் வரும், முதலாளிக்கும் போன் போடும்.

ஏற்கெனவே ஏதாவது ஆப்பில் காசு மாட்டியிருந்தால், அதை எடுக்க "வரி கட்டு, சரிபார்ப்புக் கட்டணம் கட்டு" என்பார்கள். ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகப் போடாதீர்கள். கையை அடக்க முடியவில்லை என்றால் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. கேசினோவுக்குள் நுழையவும் பூல்ஸில் ஆன்லைன் கணக்கு வைக்கவும் உங்களுக்கு நீங்களே தடை வாங்கிக்கொள்ளலாம், பாஸில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.