12 கரிசை எப்படி 1,600 கலம் ஆகும்? தஞ்சை நெல் கணக்கில் ஒரு சந்தேகம்

ஓடம்போக்கி:
1880-களின் நெல் மண்டிக் கணக்கு ஒன்றைப் படியெடுத்து வருகிறேன். திருவாரூரில் ரயிலேற்றி நாகப்பட்டினம் துறைக்குப் போன சரக்கு. ஒரே சரக்கு மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கிறது. கப்பல் சீட்டில் 12 கரிசை. மண்டிப் பேரேட்டில் 1,600 கலம், பக்கத்திலேயே 800 மூட்டை. ரயில் ரசீதில் 1,240 மணங்கு.

கரிசை, கலம், மரக்கால் மூன்றும் தானியத்தை முகந்து அளக்கும் அளவைகள். வாய்பாட்டுப்படி 400 மரக்கால் ஒரு கரிசை, 12 மரக்கால் ஒரு கலம். அப்படியானால் 12 கரிசைக்கு 400 கலம்தான் வர வேண்டும். மணங்கு எடையளவு; அதற்கு 25 ராத்தல் (பவுண்டு) என்று போட்டால் ஒரு கலம் நெல் 20 ராத்தல்கூடத் தேறவில்லை. எந்த ஏட்டை நம்புவது?

வெட்டாறு:
மூன்றையும் நம்பலாம். இரண்டு விதமான மரக்காலை ஒன்றாக நினைத்துவிட்டீர்கள், சிக்கல் அங்கேதான்.

கரிசைக்கு 400 என்பது சென்னை மரக்கால். அது 8 படி கொண்டது. ஆகவே ஒரு கரிசை 3,200 பட்டணம் படி, அதாவது சென்னைப் படி. தஞ்சாவூர்ச் சீமையில் புழங்கிய மரக்கால் 2 பட்டணம் படிதான். 12 மரக்கால் கலம் என்ற வாய்பாடு இங்கேயும் மாறவில்லை, ஆனால் கலம் 24 படியாகிவிடுகிறது. இப்போது போட்டுப் பாருங்கள்: 12 × 3,200 = 38,400 படி. அதை 24-ஆல் வகுத்தால் 1,600 கலம். இரண்டு கலம் ஒரு மூட்டை, 800 மூட்டை. காலணா பிசகில்லை.

பழைய கணக்கை எடுத்தால் முதலில் மரக்காலுக்கு எத்தனை படி என்று பார்க்காமல் ஒரு வரிகூடப் பெருக்கக் கூடாது. கலம் என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கல்வெட்டு வாய்பாட்டில் கலம் என்பது 96 நாழி. அந்தக் காலத்திலும் எந்த மரக்கால் என்று பெயர் சொல்லித்தான் எழுதினார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஆடவல்லான் என்னும் மரக்கால் வருவது அதனால்தான்.

இன்னொன்று, காலம். சென்னை மரக்கால் முதலில் 750 கன அங்குலமாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை 800 ஆக்கினார்கள், படி சரியாக 100 கன அங்குலம் ஆனது. உங்கள் ஏடு அதற்குப் பிந்தியது, கவலையில்லை. 1820, 30-களின் ஏட்டோடு ஒப்பிட நேர்ந்தால் 100 பழைய கரிசை ஏறக்குறைய 94 புதிய கரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்தல்வீசை:
மணங்கு விஷயம். நீங்கள் போட்ட 25 ராத்தல் சென்னை மணங்கு: 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். புளி, வெல்லம், மிளகாய் கணக்கில் இது சரி. ரயில் ரசீதில் இருப்பது 40 சேர் மணங்கு, சேருக்கு 80 தோலா. அது 82 ராத்தலும் ஏழில் இரண்டு பங்கும், இன்றைய கணக்கில் 37.32 கிலோ.

1,240 மணங்கு ஏறத்தாழ 1,02,034 ராத்தல். ரயிலில் சாக்கோடு சேர்த்துத்தான் நிறுப்பார்கள். கோணிச் சாக்கு சுமார் 2 ராத்தல் என்றால் 800 சாக்குக்கு 1,600 போகும். மிச்சம் 1,00,434. அதை 1,600 கலத்துக்குப் பங்கிட்டால் கலத்துக்கு 62.8 ராத்தல். தஞ்சைக் கலம் நெல் சுமார் 63 ராத்தல் என்பதுதான் வழக்கமான கணக்கு. நெல் நன்றாகக் காய்ந்து, பதர் தூற்றி வந்திருக்கலாம் என்றும் ஊகிக்கலாம்.

ஓடம்போக்கி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் இன்னொரு இடத்தில் முட்டுகிறது. 100 கன அங்குலம் 1.64 லிட்டர். 24 படிக்கு 39.3 லிட்டர். லிட்டருக்கு 0.58 கிலோ நெல் என்று வைத்தால் கலம் 22.8 கிலோ, அதாவது 50 ராத்தல். மீதி 13 ராத்தல் எங்கிருந்து வந்தது?

வெட்டாறு:
நல்ல கேள்வி. நீங்கள் தலை வழித்த படியை, அதாவது விளிம்போடு மட்டமாகத் தள்ளிவிட்ட படியைக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். களத்தில் கோபுரம் கட்டி, விளிம்புக்கு மேல் குவித்து அளந்தார்கள்.

உலர்ந்த நெல் சுமார் 35 டிகிரி சரிவில் கூம்பாக நிற்கும். கூம்பின் உயரம் வாயின் அகலத்தைப் பொறுத்தது. அதே 1.64 லிட்டர் படி 12 செ.மீ. வாயும் 14.5 செ.மீ. உயரமுமாக இருந்தால், மேலே நிற்கும் நெல் சுமார் 158 மில்லி, பத்து சதம்கூட இல்லை. 15 செ.மீ. வாயும் 9.3 செ.மீ. உயரமுமாக இருந்தால் 309 மில்லி, 19 சதம். இரண்டு படியும் தலை வழித்தால் ஒன்றுதான். குவித்தால் நூறு படிக்கு எட்டுப் படிக்கு மேல் வித்தியாசம். வாங்குகிறவர் வாயகன்ற மரக்காலைக் கொண்டுவந்தால் குடியானவருக்கு நட்டம் இங்கேதான் விழுந்தது. முத்திரை போட்ட மரக்காலாக இருந்தாலும் அது தடுக்காது. உள்ளளவு மட்டும் சரியாக இருந்து பயனில்லை.

இதோடு ஆட்டி, குலுக்கி அளந்தால் நெல் இறுகி இன்னும் 5 சதம் கொள்ளும். 1.19 × 1.05 = 1.25. உங்கள் 50 ராத்தல் 63 ஆகிவிட்டது பாருங்கள்.

அதனால் கப்பல் சீட்டின் கரிசையைக் கன அடியாக்கி (ஒன்றுக்கு 185.2 கன அடி) எடை கண்டுபிடிக்க முயல வேண்டாம். அது தலை வழித்த அளவுக்கான கணக்கு.

ராத்தல்வீசை:
ஒரு எச்சரிக்கை. இந்த 63 ராத்தலை எல்லாப் பக்கத்துக்கும் போட்டுவிடாதீர்கள். மழையில் அறுத்த குறுவை ஈரமாகவே அளக்கப்பட்டிருக்கும். 20 சத ஈரத்திலிருந்து 14 சதத்துக்குக் காய்ந்தால் எடையில் 7 சதம் போய்விடும். ஈர நெல் கோபுரமும் செங்குத்தாக நிற்கும். வாலுள்ள நெல் படிக்குள் நெருங்கி உட்காராது, கலத்துக்கு எடை குறையும். அரிசி என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 0.8 கிலோ அளவில் வைத்துத் தனியாகப் போட வேண்டும்.

ஏட்டில் வரும் குறுணி, பதக்கு, உழக்கு ஆகிய முகத்தலளவைகளின் குறியீடுகளைத் தட்டச்சு செய்ய வேண்டுமா? 2019-இல் வந்த யூனிகோடு 12-இல் அவை சேர்ந்துவிட்டன. அந்தக் குறிகள் உள்ள எழுத்துரு வேண்டும், இல்லையென்றால் கட்டம்தான் தெரியும். பேரேட்டில் முதல் எண் எங்கே என்று தேடும்போது ‘லாபம்’ என்று கண்டால் அதுதான் ஒன்று. அதை வரவுக் கட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள்.