கர்லியின் மனைவிக்கு ஏன் பெயரில்லை?

மாலைவாசிப்பு:
ஜான் ஸ்டைன்பெக் 1937இல் வெளியிட்ட ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ குறுநாவலை அண்மையில் படித்தேன். கலிபோர்னியாவின் சோலடாட் ஊரை ஒட்டிய அந்தப் பண்ணையில் கூலியாட்களுக்கெல்லாம் பெயர் இருக்க, முதலாளியின் மருமகள் மட்டும் கடைசிவரை ‘கர்லியின் மனைவி’யாகவே இருக்கிறாள். வம்புக்காரியாக வந்து, இரக்கத்துக்குரியவளாகச் சாகும் இந்தப் பெண்ணை ஆசிரியர் எப்படிக் கருதினார் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

பழம்புத்தகன்:
பெயர் முதலாளிக்கும்தான் இல்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்ல அங்கே யாருக்கும் துணிவில்லை. இவள் பெயரைக் கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமாகி இரண்டே வாரத்தில் கண்டவனையெல்லாம் பார்க்கிறாள் என்று கிழவர் கேண்டி, பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஜார்ஜிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதால், அவள் வாசலில் வந்து நின்று உள்ளே விழும் வெயிலை மறைக்கும்போது, அந்தச் சிவந்த நகங்களையும் தீக்கோழி இறகு வைத்த சிவப்புச் செருப்பையும் நாமும் கேண்டியின் கண்ணால்தான் பார்க்கிறோம். கர்லியைத் தேடி வந்ததாக அவள் சொல்வது வெறும் சாக்கு; தேடியது பேச்சுத்துணையை.

நதிக்கரை:
அந்த இரக்கத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. சனிக்கிழமை இரவு கர்லி உட்பட எல்லாரும் ஊருக்குள் கேளிக்கைக்குப் போய்விட, லாயத்தை ஒட்டிய அறையில் கறுப்பினத் தொழிலாளி க்ரூக்ஸும், ஒரு கை இழந்த கேண்டியும், அறிவு வளர்ச்சி குன்றிய லென்னியும் மிஞ்சியிருக்கிறார்கள். வெளியே போகும்படி க்ரூக்ஸ் சொன்னதும், தான் நினைத்தால் அவனை மரத்தில் தொங்கவிட முடியும் என்கிறாள். அக்கால அமெரிக்காவில் அது வெற்று மிரட்டல் அன்று என்பது இருவருக்குமே தெரியும்; க்ரூக்ஸ் அப்படியே ஒடுங்கிப்போகிறான். தனிமை அவளை ஏங்க வைத்தது உண்மை, ஆனால் தன்னைவிட எளியவன் யார் என்று அவள் சரியாகக் கணக்குப் போட்டுத்தான் பேசினாள்.

வைகறை:
நதிக்கரை சொல்வதை ஏற்கிறேன். ஆசிரியரும் அதை மூடி மறைக்கவில்லை. ஆனால் மறுநாள் வைக்கோல் கொட்டடியில் அவள் லென்னியிடம் பேசுவதையும் சேர்த்துப் படியுங்கள். திரைப்படத்தில் சேர்ப்பதாகச் சொன்ன ஒருவனின் கடிதம் வரவேயில்லை. அம்மாதான் திருடியிருப்பாள் என்று நம்பி, வீட்டைவிட்டு வெளியேறுவதற்காகவே, நடனக்கூடத்தில் சந்தித்த கர்லியைக் கட்டிக்கொண்டாள். கேட்பவனை யாராவது கூட்டிப்போய்விடுவார்களோ என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். லென்னியோ முயல் வளர்ப்பதைத் தவிர வேறெதையும் காதில் வாங்குவதில்லை! அவள் இறந்த பிறகுதான், முகத்திலிருந்த சூழ்ச்சியும் மனக்குறையும் பிறர் கவனத்துக்கான ஏக்கமும் நீங்கிவிட்டன என்று ஸ்டைன்பெக் எழுதுகிறார். இக்கதை நியூயார்க்கின் பிராட்வே மேடையில் நாடகமானபோது இவளாக நடித்த கிளேர் லூஸுக்கு 1938இல் அவர் எழுதிய கடிதத்தில், இவள் அடிப்படையில் நல்ல பெண் என்றும், எந்த ஆணும் இவளை உடலாகவன்றி மனுஷியாக மதித்ததில்லை என்றும் விளக்கியிருக்கிறார். என் மனக்குறையெல்லாம், அந்த விளக்கத்தில் பாதியையாவது நாவலுக்குள்ளேயே, அவள் உயிரோடிருக்கும்போதே, வேறொரு பாத்திரத்தின் வாயால் அவர் சொல்லியிருக்கலாம் என்பதுதான்.