உடனுறைவு விலக்கு: ‘நீதிமன்றப் பிரிவினை’க்கு ஒரு மாற்றுச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நம் குடும்பநலச் சட்டச் சொற்பட்டியலில் ‘ஜுடீஷியல் செப்பரேஷன்’ (திருமணம் முறியாமலே கணவனும் மனைவியும் பிரிந்து வாழ நீதிமன்றம் இடம் தரும் ஆணை) என்பதற்கு நேரே உள்ள ‘நீதிமன்றப் பிரிவினை’யை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற வாரம் பலரும் எழுதியிருந்தீர்கள். அதை மாற்றியாக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

சட்ட உதவி நாடி வருவோருக்குத் தீர்ப்புகளைத் தமிழில் விளக்கிச் சொல்லும் பணியில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 10ஆம் பிரிவின்படி ஆணை பெற்ற ஒரு பெண்ணின் வீட்டார், அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, நீதிமன்றமே பிரித்து வைத்துவிட்டது, இனித் தடையில்லை என்று எண்ணி, அவருக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த ஆணையால் திருமணம் முறியவில்லை என்பதையும், இந்நிலையில் செய்யும் மறுமணம் செல்லாது என்பதோடு, இன்றைய குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும் என்பதையும் புரியவைக்க எனக்கு ஒரு முழு மாலை ஆயிற்று. அவர்கள் மீது நான் குறை காணவில்லை. சொல் அப்படித்தான் அவர்களை நடத்திச் சென்றது.

இந்த ஆணை உண்மையில் செய்வது ஒன்றே: மனுதாரர் இனி எதிர்மனுதாரருடன் சேர்ந்து வாழக் கடமைப்பட்டவர் அல்லர் என்று அறிவிக்கிறது. கணவன், மனைவி என்ற நிலை மாறுவதில்லை. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மற்றவரின் வாரிசுரிமையும் அற்றுப்போவதில்லை. இருவரும் மனம் மாறிச் சேர விரும்பினால் புதிதாக மணம் செய்துகொள்ள வேண்டியதுமில்லை. ஆனால் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மணமுறிவுக்கு உரிய காரணங்களே இதற்கும் உரியவை ஆகிவிட்டமையாலும், ஆணைக்குப் பின் ஓராண்டு வரை இருவரும் சேராதிருந்தால் யார் வேண்டுமானாலும் மணமுறிவு கோரலாம் என்று 13ஆம் பிரிவு இடம் தருவதாலும், மக்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். இவ்வளவு நெருங்கி நிற்கும் இரண்டை வேறுபடுத்திக் காட்ட வேண்டிய பொறுப்பு சொல்லுக்கே உண்டு.

‘பிரிவினை’ அந்தப் பொறுப்பைத் தாங்காது. தமிழர் காதில் அது முதலில் பாகப்பிரிவினையாகத்தான் விழும். குடும்பச் சொத்தும் சேர்ந்து வரும் வழக்கில் ஒரே ஆவணத்துக்குள் இரண்டு பிரிவினைகள் வந்து குழப்பும். ‘நீதிமுறைப் பிரிவு’ என்று சுருக்கினாலோ, சட்டத்தின் கூறுகளையும் நாம் ‘பிரிவு’ என்றே வழங்குவதால், ‘பிரிவு 10இன்படி பிரிவு’ என்று எழுத நேர்கிறது. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. என் கையாலேயே அப்படி எழுதி, அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

ஆகவே ‘உடனுறைவு விலக்கு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். இதற்கு நான் கொள்ளும் முதன்மையான காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் 9ஆம் பிரிவும் 10ஆம் பிரிவும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் 22, 23 ஆகிய பிரிவுகள் அவ்வாறே அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டு சட்டங்களிலும் முன்னால் வரும் பிரிவு, தக்க காரணமின்றி விலகிச் சென்ற துணையைத் திரும்ப வந்து வாழச் சொல்லும் ஆணை; பேச்சில் ‘சேர்ந்து வாழக் கேட்டு வழக்கு’ என்பார்கள். பின்னால் வருவது, அவ்வாறு வாழும் கடமையிலிருந்து விடுவிக்கும் ஆணை. முன்னதை ‘உடனுறைவு மீட்பு’ என்றும் பின்னதை ‘உடனுறைவு விலக்கு’ என்றும் சொன்னால், ஒரே பொருளை ஒன்று கேட்பதும் மற்றொன்று விலக்குவதும் படித்தவுடன் தெரியும். மேலும் ‘மணவிலக்கு’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், அங்கே விலக்கப்படுவது மணம், இங்கே விலக்கப்படுவது உடனுறைவு மட்டுமே என்ற வேறுபாடு சொல்லுக்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

‘உடனுறை’ என்பது இன்று நாம் செய்த சொல்லும் அன்று. திருக்குறளின் உட்பகை அதிகாரத்து இறுதிக் குறள், மனம் ஒவ்வாதவரோடு வாழும் வாழ்க்கையைக் குடிலுக்குள் பாம்போடு ‘உடனுறைந்தற்று’ என்கிறது. இவ்வாணையைக் கேட்டு வருவோரின் நிலையை இதைவிட நெருங்கிச் சொன்ன ஓரிடத்தை நான் கண்டதில்லை.

> ‘விலக்கு’ என்றால் மதுவிலக்குப் போலத் தடை என்று பொருள்படாதா? சேரவே கூடாது என்று நீதிமன்றம் தடுத்ததாகத் தோன்றுமே.

இம்மடலை முன்னோட்டமாகப் படித்துப் பார்த்த அம்மையார் ஒருவர் எழுப்பிய இந்த ஐயம் நியாயமானது. வரிவிலக்கு என்பதில் உள்ளது போல, கடமையிலிருந்து விடுபடுதல் என்ற பொருளில்தான் இங்கே கொள்கிறேன்; எனினும் குழப்பம் வரக்கூடும் என்பதை மறுக்கவில்லை. சொற்பட்டியலில் ‘கடமையிலிருந்து விலக்கு, தடை அன்று’ என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். ‘இல்லற விலக்கு’ என்று வேறொருவர் தந்ததை நான் ஏற்கத் தயங்குவது, அது துறவறத்தை நினைவூட்டுவதால்தான்.

> ‘உடனுறைவு’ புலவர் சொல். குடும்பநல நீதிமன்ற வாசலில் நிற்பவருக்குப் புரியாது ஐயா.

முதல் நாள் புரியாமல் போகலாம். ஆனால் தெரியாத சொல்லைக் கண்டவர் வழக்கறிஞரிடம் கேட்பார். தெரிந்த சொல் என்று நம்பிய அந்தக் குடும்பத்தார் யாரிடமும் கேட்கவில்லை.

என் முன்மொழிவில் எனக்கே உறுத்தும் இடம் வேறு. உறைதல் என்றால் ஓரிடத்தில் தங்குதல். சட்டமோ கூரையைப் பார்ப்பதில்லை. இருவர் மனமொத்துக் கோரும் மணமுறிவுக்கு ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதியை விளக்கும்போது, ஒரே வீட்டில் இருந்துகொண்டும் கணவன் மனைவியாக வாழாதிருத்தல் தனித்து வாழ்தலே என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. எனவே ‘உடனுறைவு’ என்பதை ‘கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்தல்’ என்று வரையறுத்தே பட்டியலில் இடவேண்டும். வெறும் முகவரியாகக் கொள்ளவிடக் கூடாது.

மற்றச் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஜீவனாம்சம்’ ஊரறிந்த சொல்; ஈழத்தார் ‘தாபரிப்பு’ என்பதையும் அருகில் தருவோம். ‘பராமரிப்பு’ என்பதை மட்டும் பணத்துக்கும் குழந்தையை வைத்து வளர்க்கும் பொறுப்புக்கும் ஒருசேரப் பயன்படுத்துவதை விட்டுவிட வேண்டும்.

ஒரு பயன்பாட்டு வரியைக் கீழே தருகிறேன். வீட்டில் சட்டம் படிக்காத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

“மனுதாரருக்கு உடனுறைவு விலக்கு அளிக்கப்படுகிறது, திருமணம் நீடிக்கிறது.”

அன்புடன்,
மதுரையிலிருந்து